மொய்ராவில் என் பங்கு

1

நேற்றோடு ஒரு வருடம் ஆயிற்று. போன வருடம் நேற்றைய தேதியில் என் மகள் உமையாள் கிரேக்க நாட்டில் ஒரு மலைச்சரிவில் விழுந்தாள். இடுப்பிலும் வலது தொடையிலும் எலும்பு முறிந்தது. பிழைத்துக்கொண்டாள். ஊன்றுகோலோடு நடக்கிறாள். இப்போது அடுத்த அறையில் பகல் தூக்கம் தூங்குகிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம். நான் பிடித்துக்கொண்டிருந்தது போதும்.

காரைக்குடியில் தம்பி வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆனி மாதக் காற்று தாளைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறது. மேலே ஒரு பித்தளைச் செம்பை வைத்திருக்கிறேன். மெல்போர்னுக்குப் போய் இருபத்திரண்டு வருடம். இன்றைக்கும் காலையில் கண்விழித்தால் எந்த ஊரில் படுத்திருக்கிறேன் என்று தெரிய நாலைந்து நொடி ஆகிறது. மயில் அகவினால் காரைக்குடி. குப்பை லாரி பின்வாங்கும் ஓசை கேட்டால் மெல்போர்ன். இந்த ஒரு வருடமாக அந்த நாலைந்து நொடிக்குள் மூன்றாவதாக ஓர் ஊரும் வந்து சேர்ந்துகொள்கிறது. நீலம் பூசிய ஜன்னல் கதவுகள், கிருமிநாசினி வாசனை, யாரோ பீச் பழம் நறுக்கும் சத்தம். அங்கே நான் இருந்தது மொத்தம் பதினெட்டு நாள்தான்.

2

மெல்போர்னில் எனக்கு ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு படிவம் கொடுப்பேன். பெயர், பிறந்த தேதி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, காப்பீட்டு எண். கடைசியில் ஒரு வரி: அவசரத் தொடர்பு. மற்ற வரிகளில் வேகமாக ஓடும் பேனா அந்த வரியில் வந்து நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பெரியவர், "பக்கத்து வீட்டு நாய்தான் என்னைத் தேடும், அதற்கு ஃபோன் கிடையாது" என்று சிரித்துவிட்டு வரியை வெறுமையாக விட்டார். மாலையில் கோப்பில் வைக்கும்போது அந்த வெறுமை என்னைக் கொஞ்சம் தொந்தரவு செய்தது.

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர். எனக்கு என் அப்பா பெயர், கணவருக்கு அவர் அப்பா பெயர், உமைக்கு அவள் அப்பா பெயர். காரைக்குடியில் இது ஒரு விஷயமே இல்லை. மெல்போர்னில் ஒவ்வொரு அலுவலகத்திலும் நாங்கள் ஒரே குடும்பம் என்று நிரூபித்தாக வேண்டும். உமையாள் என்ற பெயர் பள்ளிக்கூடத்தில் 'யூமி' ஆயிற்று. பதினெட்டு வயதானதும் அவளுடைய படிவங்களை அவளே நிரப்பத் தொடங்கினாள். பெற்றோர் கையெழுத்து என்ற கட்டம் எங்கள் வாழ்க்கையிலிருந்து சத்தமில்லாமல் போய்விட்டது.

மருந்தியல் படிப்பாள் என்று நினைத்திருந்தோம். பழைய கிரேக்க மொழி படிக்கப் போனாள். சாப்பாட்டு மேசையில் கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் ஆங்கிலத்தில் பதில் வரும். அப்புறம் தட்டோடு எழுந்து போய்விடுவாள். கோபம் ஒன்றும் இல்லை. ஆற்றில் விட்ட காகிதக் கப்பல் கரையோடு சண்டை போட்டுக்கொண்டா போகிறது?

போன வருடம் மே மாதம் ஒருநாள் காலை, சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவர்கள் வகுப்பிலிருந்து சிலர் கிரேக்க நாட்டுக்கு அகழாய்வுக்குப் போகிறார்களாம். ஆறு வாரம்.

"அம்மா, நான் போகட்டுமா?"

தமிழில் கேட்டாள். எத்தனையோ மாதம் கழித்து என்னிடம் தமிழில் ஒரு முழு வாக்கியம். என் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது. சரி என்று சொல்ல ஆசை. சொல்லப் பயம். "நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

3

எங்கள் வீட்டில் முடிவெடுக்கத் திணறினால் பூக்கட்டிப் பார்ப்போம். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று. ஒரே மாதிரி இரண்டு வாழையிலைத் துண்டில் மடித்து நூல் சுற்றி, சந்நிதியில் வைத்துக் கும்பிட்டு, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சாமி உத்தரவு. சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். என் கல்யாணத்துக்கும் பார்த்தார்கள், மெல்போர்ன் வேலைக்கும் பார்த்தார்கள். இரண்டுக்கும் வெள்ளை.

தம்பி கண்ணப்பனுக்கு ஃபோன் செய்தேன். மறுநாள் காலை அவன் கோவிலூர்க் கோயிலுக்குப் போனான். எனக்கு அது மதிய உணவு நேரம். மருத்துவமனையின் கார் நிறுத்தத்தில், வண்டிக்குள் உட்கார்ந்து வீடியோவில் பார்த்தேன். எங்களில் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஆச்சி, தெரியுதா?"

"உன் கட்டைவிரல் தெரியுது. விரலை எடு."

"இப்ப?"

"இப்ப உன் மூக்கு."

சிரித்துக்கொண்டேதான் இருந்தோம். தன் அம்மாவோடு கோயிலுக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண், நாலு வயதிருக்கும், கூச்சப்பட்டுக்கொண்டே ஒரு பொட்டணத்தை எடுத்தாள். கண்ணப்பன் பிரித்தான். சிவப்பு அரளி.

"சிவப்பு, ஆச்சி."

எதிரே ஒரு யூகலிப்டஸ் மரம் பட்டை உரிந்து நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் போய் உமையிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவள் 'ஓகே' என்பாள். அந்த 'ஓகே'க்குப் பிறகு இன்னொரு தமிழ் வாக்கியம் எப்போது வரும் என்று தெரியாது. அழுகை வந்துவிட்டது.

"இன்னொரு தடவை பாருடா."

"ஒரு தடவதான் ஆச்சி கேக்கணும். ரெண்டாந் தடவ கேக்கக் கூடாது."

"பாருடா கண்ணா."

அவன் ஃபோனைக் கீழே வைத்துவிட்டான். கொஞ்ச நேரம் எனக்கு மண்டபத்துக் கூரையும் ஒரு புறாவும் மட்டும் தெரிந்தன. பிறகு அதே பெண்ணின் குட்டிக் கை வந்தது.

"வெள்ளை, ஆச்சி."

அன்று மாலை உமையிடம், "சாமி உத்தரவு கிடைச்சாச்சு" என்றேன். சிவப்பைப் பற்றிச் சொல்லவில்லை.

4

ஜூலையில் ஃபோன் வந்தபோது மாலை ஐந்து மணி, மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தேன். கிரேக்க நாட்டில் காலை பத்து. தெரியாத எண், தெரியாத ஆங்கிலம். அவள் நிரப்பிய படிவத்தில் அவசரத் தொடர்பு என்ற வரியில் என் பெயரும் எண்ணும் இருந்ததால் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் என் பெயரை எழுதியிருந்தாள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

போய்ச் சேர்ந்ததும் மருத்துவமனை மேசையில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டையும் உமையின் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பெயர் ஒட்டவில்லை. அம்மா என்பதற்குச் சான்று கேட்டாள். என்னிடம் என்ன இருந்தது? அகழாய்வுக் குழு அங்கே கொடுத்திருந்த படிவத்தில் அந்த வரியைக் காட்டினேன். என் எண்ணைச் சொல்லச் சொல்லி, படிவத்தில் விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தாள். கடைசி இலக்கம் ஏழு. அதன் நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கோடு இழுத்தாள். ஒன்றோடு குழம்பாமல் இருக்க அந்தப் பக்கத்தில் ஏழு என்ற எண்ணை அப்படித்தான் எழுதுவார்களாம். கோடு போட்டபின் உள்ளே போகச் சொன்னாள்.

அறுவை சிகிச்சை மயக்கத்தில் உமை செவிலியரிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். தண்ணி வேணும், லைட்டை அணை, செருப்பு எங்கே. ஐந்து வயதுத் தமிழ். செவிலியருக்கு அதில் 'அம்மா' மட்டும் புரிந்து, ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டார். அந்த இரண்டு நாளும் எனக்குக் கொடுமையாக இருந்தது. ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அடுத்த படுக்கையில் ஒரு பெண். அவள் கணவர் மீன்பிடிக்கிறவர், கையெல்லாம் கயிற்றுத் தழும்பு. தினமும் ஒரு பீச் பழம் கொண்டுவருவார். மடக்குக் கத்தியால் மூன்றாக நறுக்கி மனைவிக்கு ஒன்று, தனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கேட்டதும் இல்லை, வேண்டாம் என்றால் விட்டதும் இல்லை. உமை சாப்பிடத் தொடங்கிய அன்று நான்காக நறுக்கினார். ஒருநாள் உமையின் காலைக் காட்டி, கையை விரித்து ஒரு சொல் சொன்னார். கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். 'விதி' என்று வந்தது.

விதி ஒன்றும் செய்யவில்லை. விதி சிவப்பு என்று ஒழுங்காகத்தான் சொன்னது. நான்தான் இன்னொரு தடவை கேட்டேன்.

உமை விழித்திருந்தாள். "மொய்ரா," என்றாள். இப்போது மீரா என்று சொல்கிறார்களாம், பழைய உச்சரிப்பு மொய்ரா. "விதின்னு அர்த்தம் அப்புறம் வந்தது அம்மா. முதல்ல அது பங்கு. நிலத்துல ஒரு பங்கு. விருந்துல கறி வெட்டினா ஒரு ஆளுக்கு ஒரு பங்கு. அப்புறம்தான் வாழ்க்கையில ஒரு பங்கு, சாவுல ஒரு பங்கு." கிரேக்கக் கதையில் மூன்று சகோதரிகள் மனிதர் விதியை நூலாக நூற்பதாக எல்லாரும் சொல்வார்களே என்றேன். அது பிற்பாடு சேர்ந்த கதை என்றாள். சாமிகளுக்குக்கூட அளந்து வைத்த பங்குதானாம். வானம் ஒருவருக்கு, கடல் ஒருவருக்கு. தாண்டி எடுத்தால் அவர்களுக்கும் வம்புதான். சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள்.

நாம் தலையெழுத்து என்கிறோம். யாரோ எழுதி முடித்த ஒன்று, நெற்றியில் இருக்கும், நம்மால் படிக்க முடியாது. இவர்கள் தட்டில் வைத்த துண்டு என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும், கையில் எடுக்கலாம், பக்கத்து ஆளுக்கும் ஒன்று இருக்கும். எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. ஆனால் என் தட்டில் மட்டும் முழுப் பழமும் இருந்தது.

5

இப்போது விஷயம் என்னவென்றால், உமை அதே மலைக்கு மறுபடியும் போக வேண்டும் என்கிறாள். செப்டம்பரில். பாதியில் விட்ட குழியை முடிக்க வேண்டுமாம். மருத்துவர் போகலாம் என்றுவிட்டார். அவள் அப்பா, "உன்கிட்டதான் கேக்கிறா, நீ சொல்லு" என்று ஒதுங்கிக்கொண்டார். காரைக்குடிக்குக் கிளம்புவதற்கு முன் என்னிடம் கேட்டாள். ஊரிலிருந்து வந்து சொல்கிறேன் என்றேன். அவளும் கூடவே வந்துவிட்டாள்.

இங்கே வந்த நாளாக எனக்கு ஒரே நினைப்பு. கோவிலூருக்குப் போய்ச் சாமியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு மறுபடி பூக்கட்டிப் பார்க்க வேண்டும், இந்த முறை ஒரே தடவை. என்ன வந்தாலும் அதுதான். ஆனால் கண்ணப்பன் நழுவிக்கொண்டே இருந்தான்.

"காளையார்கோவிலுக்குப் போவோமே ஆச்சி. நல்லா விசாலமா இருக்கும்."

போனோம். மறுநாள் கேட்டால், "நாட்டரசன்கோட்டைக்குப் போய் ரொம்ப நாளாச்சுல்ல நீங்க" என்றான். அங்கேயும் போனோம். அவனுக்கு வேலை என்னவென்றால், எங்கள் பாட்டன் கட்டின பெரிய வீட்டில் அவன் பங்குக்கு வந்த பகுதியைப் பார்த்துக்கொள்வது, வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுற்றிக்காட்டுவது. பன்னிரண்டு பங்கில் ஒன்று. ஓர் அறை, வளவு என்கிற உள்முற்றத்தில் இரண்டு தூண். பக்கத்துப் பங்கில் ஓடு உடைந்து ஒழுகினால் இவன் தொட முடியாது. சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கிற பங்காளி சரி என்று சொல்ல வேண்டும். உமைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஊன்றுகோலால் தரையில் கோடு கிழிக்கிற மாதிரி காட்டிக் காட்டிக் கேட்டாள். தாய்மாமனை அம்மான் என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மரியாதையை மட்டும் வாக்கியம் முழுக்கக் கொண்டுபோக அவளால் முடிவதில்லை.

"அம்மான், நீங்க மழைத் தண்ணியைக்கூடப் பங்கு பிரிப்பியா?"

"பிரிப்பேன் தாயீ. ஒழுகுற பங்குதான் எனக்கு."

6

நேற்று கோவிலூருக்கு நானே ஆட்டோ பிடிக்கப் போகிறேன் என்று செருப்பை மாட்டியபிறகு கண்ணப்பன் காரை எடுத்தான். உமைக்குக் கல்லில் எழுத்து என்று இருந்தால் போதும், எந்த மொழியானாலும் நின்றுவிடுவாள். மதில் ஓரம் ஒரு கல்வெட்டைப் பார்த்ததும் அங்கேயே தங்கிவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் குளத்துப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தோம். தண்ணீர் அசையவே இல்லை. கோபுரம் அதில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"கண்ணா, பூ வாங்கிட்டு வா. சிவப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு."

அவன் எழுந்திருக்கவில்லை.

"என்னால முடியாது ஆச்சி. வேற யாரையாச்சும் கட்டச் சொல்லுங்க."

"ஏன்டா?"

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் யாரோ தூங்குவதைப் போலத் தணிந்த குரலில் சொன்னான்.

"போன தடவ ரெண்டாவதாக் கட்டுனேன்ல. ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளைதான் வச்சேன்."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை.

"நீங்க அழுதீக ஆச்சி. மறுபடியும் சிவப்பு வந்துட்டா அங்குட்டு ஒத்தையில காருக்குள்ள உக்காந்து என்ன செய்வீகன்னு நெனச்சேன். பிள்ளைதான கேக்குது, போய்ட்டு வரட்டும்னு நெனச்சேன். விழுந்துருச்சுன்னு சேதி வந்த அன்னிக்கிலேருந்து இங்குட்டு வரலை. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? அந்தப் பிள்ள கால நான்தான் ஒடச்சேன்."

"நீ இல்லடா. நான். சிவப்பு வந்ததை நான் அவகிட்ட சொல்லவே இல்ல."

"என்ன சிவப்பு?"

உமை பின்னால் இரண்டு படி மேலே நின்றிருந்தாள். ஊன்றுகோலின் அடியில் ரப்பர் மாட்டியிருப்பதால் சத்தமே கேட்பதில்லை.

ஒளிக்க இனி ஒன்றும் இல்லை. நான் பாதி, கண்ணப்பன் பாதியாகச் சொன்னோம். கார் நிறுத்தம், அரளி, இன்னொரு தடவை பார் என்றது, இரண்டு வெள்ளை. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இனி என்னிடம் ஒன்றுமே கேட்கமாட்டாள் என்று நினைத்தேன். கேட்காமலே போய்விடுவாள், இந்த மலைக்கும், இதற்கப்புறம் எல்லா இடத்துக்கும்.

"அது எந்த மாசம்?" என்றாள்.

"மே."

"நான் டிக்கெட் வாங்கினது ஏப்ரல்."

கண்ணப்பன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"வாங்கிட்டியா? அப்ப எதுக்கு என்கிட்ட போகட்டுமான்னு கேட்டே?"

"நீ சரின்னு சொல்லணும்னு ஆசை. பர்மிஷன் இல்லம்மா. ஆசை."

கண்ணப்பன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டான். "அப்ப இந்தச் சாமிக்குப் பயந்து ஒரு வருசமா நான் காளையார்கோவிலுக்குப் பெட்ரோல் போட்டதெல்லாம்?"

உமைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இடுப்பு வலிக்கும். அப்படியே படியில் உட்கார்ந்தாள். நாங்களும் சிரித்தோம். அவள்தான் முதலில் நிறுத்தினாள். குரல் மாறியிருந்தது.

"ஆனா எனக்குக் கோவமும் இருக்கு. விழுந்தது நான். நீ பாதி எடுத்துட்டே, அம்மான் பாதி எடுத்துட்டார். எனக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல."

ஊன்றுகோலை மடியில் கிடத்திக்கொண்டு சொன்னாள்: "நான் விழுந்த இடத்துல அந்தக் கல்லு ஆடுதுன்னு எனக்கு முந்தின நாளே தெரியும். யார்கிட்டயாவது சொல்லணும்னு நினைச்சேன். மறந்துட்டேன். மறுநாள் நானே கால் வச்சேன். அது என்னோட மொய்ரா. அதை எனக்குத் திருப்பிக் குடு."

ஒரு வருடமாக இதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே மேசையில், நான் என்னுடையதை வைத்துக்கொண்டும் அவள் அவளுடையதை வைத்துக்கொண்டும் சாப்பிட்டு எழுந்திருக்கிறோம். கையை நீட்டினேன். எதற்கு நீட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை, திருப்பிக் கொடுக்கத்தான் போலிருக்கிறது. பிடித்துக்கொண்டாள். வலித்திருக்க வேண்டும், எழுந்திருக்க உதவி வேண்டியிருந்தது.

சந்நிதிக்குப் போனோம். பூ வாங்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டதற்கு மன்னிப்பு மட்டும் கேட்டேன். அது என்னுடையது, அதை யாருக்கும் கொடுக்க முடியாது. கண்ணப்பன் என்னைவிட நீண்ட நேரம் கும்பிட்டான்.

7

இன்று காலை உமை கடைத்தெருவுக்குப் போய்ச் செராக்ஸ் கடையில் செப்டம்பர் அகழாய்வுக்கான படிவத்தை அச்செடுத்து வந்தாள். கண்ணப்பன் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். போய்வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் மாடியிலிருந்து தெருமுனையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"செப்டம்பர். நீ இன்னும் சொல்லலை."

"பயமா இருக்கு."

"சரி."

"போ."

"ரெண்டும் சேர்த்தா?"

"ரெண்டும் சேர்த்துத்தான். தனித்தனியா என்கிட்ட இல்ல."

தலையை ஆட்டிவிட்டு நிரப்பத் தொடங்கினாள். பெயர், பிறந்த தேதி, முன்பு ஏற்பட்ட காயங்கள். அங்கே எழுத இடம் போதவில்லை, ஓரத்தில் பொடியாக எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். பெற்றோர் கையெழுத்துக்கு எங்கும் கட்டம் இல்லை, தேடிப் பார்த்தேன். பிறகு தாளை என் பக்கமாகத் திருப்பிப் பேனாவையும் நீட்டினாள். ஒரு வரியை மட்டும் நிரப்பாமல் விட்டிருந்தாள்.

"இது உன்னோடது."

"என் நம்பர்தான் உனக்கு மனப்பாடமாச்சே."

"தெரியும். நீ எழுது."

கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். காற்றில் தாள் துடித்தது. உமை ஒரு முனையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். என் பெயரை எழுதினேன். உறவு: தாய். பிறகு நாட்டுக் குறியீட்டில் தொடங்கி எண்ணை, ஒவ்வொரு இலக்கமாக. கடைசி இலக்கம் ஏழு. அதன் நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டேன்.